கெல்லி துரையின் வம்சாவளியும் தாத்தாவின் ஐசியும்

பத்து காஜாவிலிருந்து கோப்பெங் போகும் சாலையில் கெல்லிஸ் காசல் இருக்கிறது. பேராக்கில் பிறந்தவர்கள் பள்ளிக்கூடச் சுற்றுலாவிலாவது ஒரு தடவை பார்த்திருப்போம். அடுத்த முறை போனால் அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடாமல், கொஞ்ச தூரத்தில் இருக்கிற மாரியம்மன் கோயிலுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். கூரையை அண்ணாந்து பார்த்தால், சாமி சிலைகளுக்கு நடுவே வெள்ளை உடுப்பும் வெயில் தொப்பியுமாக ஓர் ஆள் நிற்பார். அவர்தான் வில்லியம் கெல்லி ஸ்மித். அந்தத் தோட்டத்துக்குச் சொந்தக்காரர், அந்த மாளிகையைக் கட்டத் தொடங்கியவர்.

1915இல் கட்டுமானம் ஆரம்பித்தது. வேலைக்குச் சென்னை மாகாணத்திலிருந்து நம் ஆட்களைக் கொண்டுவந்தார். செங்கல், ஓடுகூட இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவை என்பார்கள். 1918இல் உலகத்தையே வாரிக்கொண்டு போன விஷக் காய்ச்சல் கிந்தா பள்ளத்தாக்கையும் விட்டுவைக்கவில்லை. காசல் வேலையாட்கள் பலர் செத்தார்கள். மிஞ்சியவர்கள் துரையிடம் போய் ஆத்தாளுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று கேட்டார்கள். வைசூரியோ காலராவோ, கூட்டம் கூட்டமாகச் சாவு வந்தால் தமிழ்க் கிராமம் ஓடிப்போய் நிற்கிற இடம் அவள் சன்னதிதானே. துரை சம்மதித்தார். கோயில் எழுந்தது, வேலை தொடர்ந்தது. அந்த நன்றிக்கு அவருடைய உருவத்தையும் மேலே ஏற்றி வைத்தார்கள்.

அந்தச் சிலையைப் பார்க்கும்போதெல்லாம் என் நெஞ்சில் ஒன்று உறுத்தும். துரையின் பெயர் நமக்குத் தெரியும், முகம் தெரியும். காய்ச்சலில் செத்தவர்களில் ஒருவர் பெயரைச் சொல்லச் சொன்னால் நம்மில் யாராலும் சொல்ல முடியாது. அந்தச் சிலையைச் செய்த கொத்தனார் பெயரும் தெரியாது.

கெல்லி ஸ்மித் குடும்பத்தின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1870இல் ஸ்காட்லாந்தின் மோரே வட்டாரத்தில், கெல்லாஸ் என்ற ஊர்ப் பக்கத்துப் பண்ணையில் பிறக்கிறார். 20 வயதில், 1890இல், மலாயா வருகிறார். நியூசிலாந்துக்காரரான சார்லஸ் அல்மா பேக்கரிடம் வேலைக்குச் சேர்கிறார். பேக்கருக்குப் பேராக் அரசாங்கத்தின் காடு வெட்டும் குத்தகை கிடைத்திருந்தது. அந்த வேலையில் சேர்த்த காசில் கெல்லி ஸ்மித் கிந்தாவில் 1,000 ஏக்கர் காட்டை வாங்கி ரப்பர் போடுகிறார். பிறந்த ஊர் ஞாபகமாகக் கிந்தா கெல்லாஸ் என்று தோட்டத்துக்குப் பெயர் வைக்கிறார். பிறகு ஈயம். ஆக்னஸ் என்ற பெண்ணோடு கல்யாணம், ஹெலன் என்று மகள், ஆந்தனி என்று மகன். 1926இல் ஐரோப்பா போன இடத்தில் லிஸ்பனில் நிமோனியா கண்டு இறந்துபோகிறார். மாளிகை அரைகுறையாக நின்றுவிடுகிறது. மனைவி சொத்தை ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டு கம்பெனிக்கு விற்றுவிட்டு ஊரோடு போய்விடுகிறார்.

இவ்வளவும் எப்படித் தெரிகிறது? ஸ்காட்லாந்தில் 1855இலிருந்தே பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றையும் அரசாங்கம் பேரேட்டில் ஏற்றி வருகிறது. பண்ணைக்காரர் மகனாக இருந்தாலும் பிறந்த சில வாரத்துக்குள் அவருக்கு ஒரு வரி விழுந்துவிடும். அப்பா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், தொழில், ஊர், எல்லாம் அந்த வரியில் இருக்கும். பிறகு சொத்து வாங்கினால் பத்திரம், கம்பெனி ஆரம்பித்தால் பங்குப் பதிவேடு, கப்பல் ஏறினால் பயணிகள் பட்டியல், செத்தால் உயில். காகிதம் அவரை விட்டுப் பிரியவே இல்லை.

அவருக்குச் செங்கல் சுமந்தவருக்கு? சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கென்று தனிச் சட்டம் வந்ததே 1899இல்தான். 1915இல் 25 வயது ஆளாக இங்கே வந்து இறங்கியவர் அதற்கு முன்னாலேயே பிறந்துவிட்டார். அவருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. உயில் எழுத ஒரு சொத்தும் கிடையாது.

நம்மவர்களிடம் பேச்சு இந்த இடத்துக்கு வந்ததும் ஒரு பெருமூச்சோடு முடிந்துவிடும். "நம்மகிட்ட எங்கப்பா ரெக்கார்டு? அதெல்லாம் வெள்ளைக்காரனுக்கு." எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. நம்மைப் பற்றி எழுதின காகிதம் மலைபோல இருந்தது. கூலி ஆள் ஒருவர் கிராமத்தைவிட்டுக் கிளம்பித் தோட்டத்தில் முதல் சம்பளம் வாங்குவதற்குள் எத்தனை மேசையைத் தாண்டினார் என்று பாருங்கள். கங்காணி கையில் லைசென்ஸ். ஆளைக் கூட்டிக்கொண்டு கிளம்ப அதில் கிராம முன்சீப்பின் கையெழுத்து. பிறகு ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த டிப்போவில் பெயர் பதிவு. கப்பலில் பட்டியல். பினாங்கு வந்து சேர்ந்ததும் ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாம், அங்கேயும் கணக்கு. தோட்டத்துக்கு வந்தால் செக்ரோல். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்தி, ஆட்கள் செய்த வேலையைக் கணக்குப் பார்த்து ஒவ்வொரு முதலாளியிடமும் வரி வாங்கினார்கள். வரி வாங்கவேண்டுமென்றால் கணக்கு எழுதியாக வேண்டுமே.

ஆக, எழுதினார்கள், ஒன்றுவிடாமல் எழுதினார்கள். தலையை எண்ணுவதற்காக எழுதியதால், கணக்குத் தீர்ந்த அன்றே அதன் மதிப்பும் போய்விட்டது. யாரும் பத்திரப்படுத்தவில்லை.

செக்ரோலைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். அகலமான புத்தகம். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஆள் பெயர்கள். மாதத்தின் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு கட்டம். விடியலுக்கு முன்னால் பெரட்டில் கிராணி பெயர் கூப்பிடுவார். குரல் கொடுத்தவருக்கு அந்தக் கட்டத்தில் ஒரு குறி, வராதவருக்கு வேறு குறி. வலது பக்கம் முன்பணம், அரிசிக் கணக்கு, கடைசியில் நிகரச் சம்பளம். அந்தப் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு அதில் ஒரு குடும்பமே கிடைக்கும். ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே தொடர்ந்து பல வாரம் குறியே இல்லையென்றால் பிள்ளைப்பேறாக இருக்கலாம். ஓர் ஆள் பெயர் திடீரென்று நின்று, அடுத்த மாதம் அதே வரிசையில் பையன் பெயர் புதிதாக ஏறியிருந்தால் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று ஊகிக்கலாம். இப்படிப்பட்ட புத்தகங்களைத் தோட்டம் கைமாறியபோது ஆபீசுக்குப் பின்னால் போட்டு எரித்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கம்பெனி கைமாறும், ரப்பரை அழித்துச் செம்பனை போடுவார்கள், செம்பனையை அழித்து வீடு கட்டுவார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு அலமாரி காலியாகும்.

தமிழர் பக்கம் சரித்திரம் தெரிந்த குடும்பமே இல்லையா என்றால், சுங்கை சிப்புட்டுக்குப் போவோம். எம். எஸ். வீராசாமி 1896இல் மலாயாவுக்கு வந்தவர். அந்த வட்டாரத்தில் சொந்தமாக ரப்பர் தோட்டம் போட்ட முன்னோடித் தமிழர்களில் ஒருவர். கெல்லி துரை வந்து ஆறே வருடத்தில் வந்தவர், அதே மாநிலம், அதே ரப்பர். அவருடைய மகன்தான் நாம் துன் சம்பந்தன் என்று அழைக்கும் வீ. தி. சம்பந்தன். 1919 ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில் பிறந்து, கோலகங்சார் கிளிஃபோர்டு பள்ளியில் படித்து, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கித் திரும்பியவர். 1954இல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலையை எழுப்பினார். விஜயலட்சுமி பண்டிட் வந்து அதைத் திறந்துவைத்தார். 1955இலிருந்து 1973 வரை ம.இ.கா. தலைவர், சுதந்திர மலாயாவின் அமைச்சர். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் சாலையே இன்று அவர் பெயரில் இருக்கிறது.

இந்தக் குடும்பத்தின் கதை நமக்குத் தெரிவதற்கும் அதே காரணம்தான். நிலம் இருந்தது, அதனால் பத்திரம் இருந்தது. படிப்பு இருந்தது, அதனால் பட்டயம் இருந்தது. பதவி இருந்தது, அதனால் பத்திரிகையில் பெயர் இருந்தது. வீராசாமி வந்த காலத்தில் வந்த மற்ற ஆயிரக்கணக்கான பேருக்கு இந்த மூன்றுமே வாய்க்கவில்லை.

சம்பந்தனின் பிறந்தநாளைச் சொன்னேனே, ஜூன் 16. அவருக்கு 29 வயது நிறைந்த அதே நாளில், 1948இல், அதே சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். எல்ஃபில் தோட்டத்தில் ஆர்தர் வாக்கர். பக்கத்துத் தோட்டத்தில் ஜான் அலிசனும் அவருடைய உதவியாளர் இயன் கிறிஸ்டியனும். அதைத் தொடர்ந்துதான் அவசரகாலம் வந்தது. இதை எல்லாச் சரித்திரப் புத்தகமும் சொல்லும். நம் குடும்பங்களுக்கு அதனால் நேர்ந்த ஒரு விஷயத்தை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. காட்டுக்குள் இருக்கிறவன் யார், தோட்டத்தில் இருக்கிறவன் யார் என்று பிரித்தறிய, அந்த வருடமே 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் பதிவு செய்து அடையாள அட்டை கொடுக்க ஆரம்பித்தார்கள். புகைப்படம், கட்டைவிரல் ரேகை, பெயர், முகவரி.

ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். 1948இல் பால்வெட்டுத் தொழிலாளி எங்கே போய்ப் படம் எடுத்திருப்பார்? ஸ்டூடியோ ஈப்போவில் இருந்தது, தைப்பிங்கில் இருந்தது. போக பஸ் காசு வேண்டும், படத்துக்குக் காசு வேண்டும். கல்யாணத்துக்கே படம் எடுக்காத காலம். கேமராக்காரன் தோட்டத்துக்கே வந்து, வரிசையில் நிற்க வைத்து, ஒவ்வொருவரையும் எடுத்தது இந்த ஐசிக்காகத்தான். நம் தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றில் தாத்தா பாட்டியின் முதல் படம் அதுவே. சில வீடுகளில் கடைசிப் படமும் அதுவே. செத்த பிறகு அந்தத் தம்மாத்தூண்டுப் படத்தைப் பெரிதாக்கி, கோட்டும் டையும் வரைந்து சேர்த்து, பூ வைத்து மாட்டியிருப்பார்கள்.

எங்கள் அம்மா வழித் தாத்தாவின் காகித ஐசி என்னிடம் இருக்கிறது. மடித்து மடித்து நடுவில் இற்றுப்போய், யாரோ செல்லோடேப் ஒட்டி, அந்த டேப்பும் மஞ்சளாகிவிட்டது. சட்டை இல்லாமல் போயிருப்பார் போல, யாருடையதோ ஒரு சட்டையை மாட்டிவிட்டிருக்கிறார்கள், கழுத்துப் பித்தான் எட்டவில்லை. கண் நேராகக் கேமராவைப் பார்க்கிறது. சிரிப்பு கிடையாது. ரேகைதான் என்னை அசைத்தது. கட்டைவிரலின் மேல்பாதியில் கோடுகள் அழிந்து வழவழவென்று இருக்கிறது, குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு மட்டும் வெள்ளையாக ஓடுகிறது. வருஷக்கணக்காக உளி பிடித்த விரல். அவர் என்ன வேலை செய்தார் என்பதை அட்டையில் எழுதியிருக்கவே தேவையில்லை.

பிறந்த வருடம் என்று அதில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். தேதி தெரியாதவர்களுக்கு மேசையில் இருந்தவர் முகத்தைப் பார்த்து ஒரு வருடத்தைப் போட்டுக்கொண்டு போனார். வயதைக் கண்டுபிடிக்க நம் கிழவிகளிடம் வேறு நாட்காட்டி இருக்கிறது. "பெரிய வெள்ளத்துக்கு அடுத்த தைக்குப் பொறந்தவ" என்றால் அது 1926 டிசம்பர் வெள்ளம், ஆக 1927 தை. "ஜப்பான்காரன் சைக்கிள்ல வந்தப்போ எனக்குப் பல்லு விழுந்திருந்துச்சு" என்றால், ஈப்போ அவர்கள் கையில் விழுந்தது 1941 டிசம்பர் கடைசியில், பல் விழும் வயது ஆறு ஏழு, கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மெர்டேக்காவுக்கு முந்தியா பிந்தியா, மே கலவரத்துக்கு முந்தியா பிந்தியா என்று கேட்டால் பதில் தயக்கமில்லாமல் வரும். "எந்த வருஷம்?" என்று மட்டும் கேட்காதீர்கள், "தெரியாதுய்யா" என்று சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

பெயரில் இன்னொரு சிக்கல். நம் வழக்கப்படி மகன் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் வரும், அவ்வளவுதான். பேரன் பெயரில் தாத்தா இருக்க மாட்டார். மூன்று தலைமுறையை இணைக்க வேண்டுமானால் அப்பாவுடையதும் பிள்ளையுடையதுமாக இரண்டு காகிதம் கையில் வேண்டும். நடுவில் ஒன்று காணாமல் போனால் சங்கிலி அறுந்துவிடும். அதிலும் எழுத்து ஒரே மாதிரி இருக்காது. தோட்டத்துக் கிராணி பெரும்பாலும் மலையாளியாகவோ யாழ்ப்பாணத்துக்காரராகவோ இருப்பார். தம் காதில் எப்படி விழுந்ததோ அப்படி ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வார். பதிவு அலுவலகத்தில் மலாய்க்கார அலுவலர் அதைத் தம் காதுக்கு ஏற்ப எழுதுவார். ஒரே வீட்டில் அண்ணனுக்கு அப்பா பெயராக வரும் முனியாண்டிக்கு ஓர் எழுத்துக்கூட்டல், தம்பிக்கு அப்பா பெயராக வரும் அதே முனியாண்டிக்கு வேறு எழுத்துக்கூட்டல். எழுத்து மாறினால் ஆள் வேறு என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

பெண்கள் பக்கம் இன்னும் மோசம். அம்மாவின் அப்பா பெயர் அம்மாவின் பிறப்புப் பத்திரத்தில் இருக்கும். அம்மாவின் அம்மாவுடைய அப்பா பெயர்? பாட்டி பிறந்தது எந்த ஊர்? வம்சாவளி எழுதுகிறேன் என்று உட்காருகிறவர்கள் பலரும் ஆண் வழியை மட்டும் ஒரே கோடாக மேலே இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். தோட்டத்தில் பால் வெட்டியது இரண்டு பேரும்தான். பாட்டியும் விடியலுக்கு முன்னால் பெரட்டில் நின்றவள்தான், செக்ரோலில் அவளுக்குத் தனி வரி இருந்தது. நம் நோட்டிலும் அவளுக்குத் தனி வரி வேண்டும்.

எவ்வளவு தேடினாலும் ஒன்றும் கிடைக்காத ஓர் இடமும் உண்டு. சயாம் ரயில். 1942, 43இல் ஜப்பான்காரர்கள் நம் தோட்டங்களிலிருந்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போய்ப் பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட வைத்தார்கள். போன தமிழர்களில் எத்தனையோ ஆயிரம் பேர் திரும்பவில்லை. காஞ்சனபுரியில் போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள், புல் வெட்டிப் பூச்செடி வைத்துப் பராமரிக்கிறார்கள். வரிசை வரிசையாக ஒவ்வொருவர் பெயர், படைப்பிரிவு, வயது. அவர்களோடு அதே காட்டில், அதே காலராவில் செத்த நம் ஆட்களுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது. உங்கள் வீட்டில் "சயாமுக்குப் போனவரு, வரல" என்று ஒரு பெரியப்பாவைப் பற்றியோ சின்னத் தாத்தாவைப் பற்றியோ பேச்சு வந்தால், அந்தப் பெயரைக் கேட்ட கையோடு எழுதி வையுங்கள். உலகத்தில் அவருக்கு இருக்கும் ஒரே ஆவணம் நீங்கள் எழுதப்போகிற அந்த வரியாக இருக்கலாம்.

1969க்குப் பிறகு இன்னொரு முறிவு. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்ற சட்டத்தை அமல்படுத்தினார்கள். சிவப்பு ஐசிக்காரர்கள் ஏராளமானோர் பெர்மிட் கிடைக்காமல், கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்தில், மூட்டை கட்டினார்கள். சுமார் 60,000 பேர் இந்தியா திரும்பியதாகக் கணக்கு. அண்ணன் இங்கே, தம்பி அங்கே. ரஜூலா கப்பலில் ஏறிப் போனவர்கள் கொஞ்ச வருடம் கடிதம் போட்டார்கள், பிறகு நின்றுவிட்டது. அந்தக் கடிதங்கள் உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தால் தங்கம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நலம், நலமறிய ஆவல் என்றுதான் இருக்கும், சேலைக்கும் கடிகாரத்துக்கும் பணம் கேட்டிருப்பார்கள். வெளிப்பக்கத்தைப் பாருங்கள். அனுப்புநர் என்ற இடத்தில் ஊர், அஞ்சல், வழி, தாலுகா, ஜில்லா என்று முழு விலாசம் இருக்கும். தோட்டத்தில் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத தகவல் அது.

விலாசத்தை வைத்துத் தேடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து ஜில்லாக்கள் இப்போது இல்லை. திருச்சி ஜில்லா என்று இருந்தால் அந்த ஊர் இன்று கரூரிலோ பெரம்பலூரிலோ அரியலூரிலோ இருக்கலாம். சேலம் ஜில்லா என்றால் தர்மபுரியோ நாமக்கல்லோ. வட ஆற்காடு, தென்னாற்காடு என்ற பெயர்களே போய்விட்டன. தாலுகா பெயரைப் பிடித்துக்கொண்டு போவதுதான் வழி. ஊர்ப் பெயரே தெரியாவிட்டால் குலதெய்வத்தைக் கேளுங்கள். ஊரை மறந்த குடும்பங்கள்கூடப் பிள்ளைக்கு முதல் மொட்டை போடும்போது கும்பிடுகிற சாமியின் பெயரை மறப்பதில்லை. அந்தச் சாமிக்குக் கோயில் எந்தெந்த ஊரில் இருக்கிறது என்று விசாரித்துத் தேடலைச் சுருக்கிக்கொள்ளலாம்.

ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே விற்கிற குடும்பங்களைப் பாருங்கள். அவர்களுடைய முன்னோர் எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரே ஊர்க்காரர்கள், ஒரே தொழில், ஒரே தெரு என்று சேர்ந்து இருந்ததால் அந்த ஞாபகம் கலையவில்லை. தோட்டம் தோட்டமாகப் பெயர்ந்துகொண்டே இருந்தவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லாமல் போயிற்று.

வீட்டில் வேறு என்னென்ன கிடக்கும் என்று கேட்கிறீர்களா? 1951இல் வந்த சேமநிதி வாரியத்தின் பழைய கடுதாசிகளில் வாரிசு பெயர் இருக்கும். கல்யாண மொய் நோட்டில் எந்தத் தோட்டத்திலிருந்து யார் வந்தார்கள், என்ன உறவு என்று வரிசையாக இருக்கும். சொந்தக்காரர் யார் என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. கோயில் திருவிழா நோட்டீசில் உபயக்காரர் பட்டியல். தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் அப்பா பெயர், வேலை, வீட்டு முகவரி. பேராக்கில் மட்டும் 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தோட்டம் அழிந்து பள்ளி மட்டும் ஊருக்கு இடம் மாறிய கதைகள் அதில் நிறைய, பதிவேடும் கூடவே போயிருக்கும். தலைமையாசிரியரிடம் தன்மையாகக் கேட்டுப் பாருங்கள். 1924இல் தொடங்கி 2019 ஜனவரியோடு நின்றுபோன தமிழ் நேசனின் மரண அறிவித்தல்களில் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று முழுக் குடும்பத்தையும் அச்சடித்திருப்பார்கள். தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறது.

இன்னொரு காகிதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கிப் பிரித்து விற்றார்கள். தொழிலாளி வேலையும் இழந்தார், வீடும் இழந்தார். அப்போதுதான் 1960இல் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். பங்கு 100 வெள்ளி. அதையும் மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். நம் ஆட்கள் சம்பளத்தில் பிடித்துக் கட்டினார்கள். அந்தக் காசில் சங்கம் தோட்டங்களையே விலைக்கு வாங்கியது. தோட்டத்தில் காலம் முழுக்கக் கூலியாக இருந்த தாத்தாவின் பெயர் ஒரு சொத்தின் பங்குதாரராக முதன்முதலில் அச்சில் ஏறியது அந்தப் பங்குப் பத்திரத்தில்தான். கெல்லி துரைக்கு இருந்த மாதிரி ஒரு காகிதம் நமக்கும் வந்தது. உங்கள் வீட்டில் அது இருந்தால் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுங்கள்.

பத்து காஜாவில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. 1948இல் சுட்டுக் கொல்லப்பட்ட அந்த மூவரும் அங்கேதான் அடக்கமானார்கள். வருடா வருடம் ஜூன் மாதத்தில் நினைவஞ்சலி நடக்கும், மலர்வளையம் வைப்பார்கள். அது நல்ல காரியம், செத்தவர்களை அப்படித்தான் மதிக்க வேண்டும். நம் தோட்டத்துச் சுடுகாடுகள் பல இன்று செம்பனைக்குள் போய்விட்டன. கல் வைத்த சமாதிகளாவது எஞ்சியிருந்தால் போய்ப் படம் எடுங்கள், எழுத்து தேய்வதற்குள் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த வெட்டுக்காட்டுப் பக்கம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இன்னும் பத்து வருடத்தில் வழி காட்டவும் ஆள் இருக்காது.

தோட்டத்தில் பிறந்து பெரட்டில் நின்ற கடைசித் தலைமுறை இப்போது எண்பதைத் தொட்டுவிட்டது. இந்தத் தீபாவளிக்குப் பெரியவர்கள் வீட்டுக்குப் போவீர்கள். பலகாரம் சாப்பிட்டு முடித்த பிறகு போனைப் பதிவுக்குப் போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு, "பாட்டி, ஒங்க அம்மா பேரு என்ன? அவங்க அப்பா பேரு என்ன? எந்தக் கங்காணியோட வந்தாங்க?" என்று கேளுங்கள். பழைய படங்களைத் திருப்பிப் பின்னால் பென்சிலால் பெயர், உறவு, தோட்டம் எழுதுங்கள். பேனாவால் எழுதினால் மை மறுபக்கம் ஊறிவிடும். ஐசி, கடிதம், மொய் நோட்டு எல்லாவற்றையும் படம் பிடித்து, ஒரு பிரதியை உடன்பிறப்பு ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். பேராக் தோட்டங்களைச் சேர்ந்தவர்கள் உங்கள் தோட்டத்தின் பெயரையும், உங்களுக்குத் தெரிந்த மூத்த தலைமுறைப் பெயர்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். தோட்டம் வாரியாகத் தொகுக்க ஆரம்பித்திருக்கிறேன். கிந்தா கெல்லாஸ் தோட்டத்தில் வேலை பார்த்த குடும்பங்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து முதலில் நீங்கள் எழுதுங்கள்.